மாட்சுமோட்டோவில் சனி, ஞாயிறு: மூன்றாம் பிரிவுக் கால்பந்துக்குப் போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியின் சாரம் இது. வேலைக்காக நகானோ மாகாணத்தின் மாட்சுமோட்டோ நகரத்துக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. சனி, ஞாயிறு வந்தால் அறைக்குள் அடைந்து கிடக்கிறீர்கள். அலுவலகத்தில் ஒரு மூத்தவர் உள்ளூர்க் கால்பந்து அணியான மாட்சுமோட்டோ யமகாவின் ஆட்டத்துக்கு உங்களை அழைத்துக்கொண்டே இருக்கிறார். அது மூன்றாம் பிரிவு அணி என்று தெரிந்ததும் உங்கள் ஆர்வம் வடிந்துவிட்டது. ஜப்பானிய மொழி அரைகுறை, நீங்கள் சைவம், குளிர் தாங்காது, மனைவியும் மகளும் அடுத்து வரப்போகிறார்கள். இந்த நிலையில் ஒரு சீசன் முழுக்க அங்கே போய் உட்கார்வதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள்.

இருக்கிறது. சீசன் டிக்கெட்டே வாங்கிவிடுங்கள். நான் இந்த ஊரில் வேரூன்றியதற்கு வேலையைவிட அந்த மைதானம்தான் காரணம்.

முதலில் அந்த மூன்றாம் பிரிவைப் பற்றிச் சொல்கிறேன். ஜே லீக் 1993இல் தொடங்கியது. இரண்டாம் பிரிவு 1999இல் வந்தது, ஜே3 எனப்படும் மூன்றாம் பிரிவு 2014இல். தொடக்கத்தில் ஒரு ஜே3 அணியில் மூன்று பேர் தொழில்முறை ஒப்பந்தத்தில் இருந்தாலே போதும் என்பதுதான் விதி. மற்றவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து ஆடலாம். இன்று 20 அணிகள், ஆளுக்கு 38 ஆட்டங்கள். முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள் நேராக மேலே போகிறார்கள். மூன்றிலிருந்து ஆறு வரை வருபவர்கள் மீதமுள்ள ஓர் இடத்துக்கு மோதிக்கொள்கிறார்கள். கீழே விழுந்தால் ஜேஎஃப்எல் என்ற தொழில்முறை அல்லாத லீக். 2022இல் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த இவாதே குருல்லா மோரியோகா 2024 முடிவில் அங்கே போய்ச் சேர்ந்தது. இரண்டே ஆண்டுகள். அதனால் சீசனின் கடைசி மாதங்களில் பட்டியலின் நடுவில் இருக்கும் அணிக்குக்கூட நிம்மதி கிடையாது.

ஆட்டத்தின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். தொலைக்காட்சியில் ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் அரைமணி நேரம் சலிப்பாக இருக்கும். பந்தை நிறுத்தும்போதே அது காலைவிட்டு விலகி ஓடும். ஆனாலும் 2016இல் இங்கே தன் தொழில்முறை வாழ்க்கையைத் தொடங்கிய ஒரு பையன் வேகத்தை மட்டுமே நம்பி ஓடிக்கொண்டிருந்தான். 2022 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராக ஜப்பானின் கோலை அடித்த மாயெதா தைசென் அவர்தான். இந்தப் பிரிவுகளில் அப்படி ஒருவர் எப்போதும் எங்கேயோ ஓடிக்கொண்டிருப்பார்.

யமகாவின் கதை 1965இல், ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த ஒரு காப்பிக் கடையில் தொடங்குகிறது. அங்கே கூடிய ஆட்டக்காரர்கள் கடையின் பெயரையே அணிக்கு வைத்தார்கள். பல பத்தாண்டுகள் வட்டார லீக்குகளில் கிடந்த அணி அது. 2012இல் இரண்டாம் பிரிவு, 2015இல் முதல் பிரிவு, மறுபடி இறக்கம், 2019இல் மறுபடி முதல் பிரிவு, பிறகு தொடர் சரிவு. 2022 முதல் மூன்றாம் பிரிவு. உங்கள் மூத்தவர் இவை அனைத்தையும் கூடவே இருந்து பார்த்தவராக இருப்பார். அவர் உங்களை அழைப்பது தன் வாழ்க்கையின் ஒரு பகுதிக்குள். அந்த அழைப்பை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மட்சுதா நஓகியைப் பற்றி நீங்கள் அறிந்தே தீர வேண்டும். 2002 உலகக் கோப்பையில் ஜப்பானுக்காக ஆடிய தடுப்பாட்டக்காரர். யோகோஹாமா எஃப் மரினோசில் 16 ஆண்டுகள் ஆடியவர், 2011இல் அப்போது ஜேஎஃப்எல்லில் இருந்த யமகாவுக்கு வந்தார். தேசிய அணிக்கு ஆடியவர் நம் ஊருக்கு வருகிறார் என்று நகரமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி பயிற்சியின்போது மாரடைப்பு வந்து சரிந்தார். பயிற்சித் திடலில் இதயத்தை மீட்கும் ஏ.இ.டி. கருவி இல்லை. இரண்டு நாள் கழித்து, 34 வயதில், மறைந்தார். அந்த சீசனின் முடிவில்தான் அணி இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. அவர் அணிந்த 3ஆம் எண் சட்டையைப் பின்னர் இந்த ஊரிலேயே பிறந்த தனாகா ஹயூமா 2014இல் வாங்கி அணிந்து, 2022இல் ஓய்வு பெறும்வரை ஆடினார். இன்றும் 3ஆம் எண் பொறித்த சட்டையோடு வருபவர்களைப் பார்ப்பீர்கள். நீங்கள் பொதுக் கட்டடங்களில் பார்க்கும் ஏ.இ.டி. பெட்டி இங்குள்ளவர்களுக்கு வெறும் பெட்டி இல்லை. உங்கள் அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சி நடந்தால் தவறாமல் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

மொழி தெரியாது என்று தயங்குகிறீர்கள். மைதானத்தில் உங்களிடம் யாரும் இலக்கணம் எதிர்பார்க்கவில்லை. என் பக்கத்து இருக்கைக்கு வரும் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. நாங்கள் பேசிய முதல் சொற்கள் ஆட்டக்காரர்களின் பெயர்கள்தான். பிறகு வானிலை, பிறகு முழங்கால் வலி, பிறகு என் ஊர், அவருடைய பேரன். இந்த நாட்டில் அறிமுகம் இப்படித்தான் மெல்ல மெல்ல முற்றும். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒரே பகுதியில், ஒரே வரிசையை ஒட்டி, விடாமல் போய் உட்கார வேண்டும். இன்று இங்கே, நாளை அங்கே என்று இடம் மாறினால் எத்தனை ஆண்டுகள் போனாலும் நீங்கள் விருந்தாளிதான். அதற்காகத்தான் சீசன் டிக்கெட் என்றேன். முதல் பிரிவின் பெரிய அணிகளுக்கு டிக்கெட் கிடைப்பதே போராட்டம். இங்கே இருபதாயிரம் பேர் அமரும் மைதானத்தில் உங்களுக்கென்று ஓர் இடம் காத்திருக்கிறது.

கோலுக்குப் பின்னால் இருக்கும் பகுதி தொண்ணூறு நிமிடமும் நின்று, குதித்து, பாடுகிறவர்களுக்கானது. அங்கே பிறகு போகலாம். முதலில் மேளமும் பாட்டும் காதில் விழும் தூரத்தில், நீளவாட்டு இருக்கைகளில் அமருங்கள். அணி வென்றால் ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் சேர்ந்து ஒரு மலைப்பாட்டைப் பாடி ஆடுவார்கள். உங்களுக்கும் அது வந்துவிடும்.

நகானோ நகரத்து அணியான பார்செய்ரோவுடன் மோதும் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். ஒரே மாகாணத்தின் இரு நகரங்கள், நம் சட்டை பச்சை, அவர்களுடையது ஆரஞ்சு. இதன் பகை கால்பந்தைவிடப் பழையது. முன்பு மாட்சுமோட்டோவைத் தலைநகராகக் கொண்ட சிகுமா என்ற தனி மாகாணம் இருந்தது. 1876இல் அதன் அலுவலகம் தீயில் எரிந்தது. அதே ஆண்டு மாகாணமே கலைக்கப்பட்டு, இந்தப் பகுதி நகானோவோடு இணைக்கப்பட்டது. தலைநகர் போய்விட்ட ஆதங்கம் இன்றைக்கும் பெரியவர்கள் பேச்சில் எட்டிப் பார்க்கும். ஜப்பான் வங்கியின் கிளை எங்கே இருக்கிறது, ஷின்ஷு பல்கலைக்கழகத்தின் தலைமையகம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டும் மாட்சுமோட்டோவில்தான் என்று பெருமையோடு சொல்வார்கள். 2011க்குப் பிறகு இரு அணிகளும் லீக்கில் சந்திக்கவே இல்லை. யமகா மூன்றாம் பிரிவுக்கு விழுந்ததால்தான் 2022இல் அந்த மோதல் திரும்ப வந்தது. சரிவு கொண்டுவந்த ஒரே நன்மை அது என்று பக்கத்து இருக்கை அம்மா சொல்வார். நானும் அதை ஏற்கிறேன்.

ஒரு சீசன் மனிதரை என்ன செய்யும் என்பதற்கு 2024ஐச் சொல்கிறேன். யமகா நான்காம் இடத்தில் முடித்தது. மேலே ஏறும் அந்தக் கடைசி இடத்துக்கான மோதலின் முதல் சுற்றில் புகுஷிமா அணியோடு 1-1. இந்தப் போட்டியில் சமநிலை என்றால் பட்டியலில் மேலே இருப்பவருக்கே வெற்றி. அதனால் இறுதிக்குப் போனோம். டிசம்பர் 7, தொயாமா. எதிரணி கட்டாலே தொயாமா மூன்றாம் இடத்தில் முடித்த அணி. அதனால் இப்போது அதே விதி எங்களுக்கு எதிராக இருந்தது. இரண்டு கோல் முன்னிலை பெற்றோம். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஒரு கோல் வாங்கினோம். தொண்ணூறு நிமிடம் தாண்டி நடுவர் சேர்த்த நேரத்தில் இன்னொன்று. 2-2. பத்து ஆண்டுகளாக மூன்றாம் பிரிவில் கிடந்த தொயாமா மேலே போனது. அந்த ஊர்க்காரர்கள் அழுததைப் பார்த்தபோது அவர்கள்மீது கோபம் வரவில்லை. ஆனால் என் நெஞ்சு பல வாரங்கள் ஆறவில்லை. 2025 சீசன் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே முடிந்தது. அதற்கும் மக்கள் வந்தார்கள். பிறந்த மண்ணைவிட்டு வந்த நமக்கு, இன்னோர் ஊரின் துக்கத்தில் பங்கு கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை தம்பி.

இனி நடைமுறை. யமகாவின் ஆல்வின் மைதானம் விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. 657 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த விமான நிலையம்தான் ஜப்பானின் பயணிகள் விமான நிலையங்களிலேயே உயரமானது. ஆட்ட நாளில் ரயில் நிலையத்திலிருந்து பஸ் விடுகிறார்கள். மார்ச்சில்கூட எலும்பு நடுங்கும். கைக்குள் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பைகள் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். வயிற்றுக்கு ஒன்று, காலணிக்குள் இரண்டு. கம்பளி ஒன்றை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். முன்பு ஒரே ஆண்டுக்குள் முடிந்த சீசன், 2026-27 முதல் ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஆண்டு கோடையின் வாசல் வரை ஓடுகிறது, டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை இடைவேளை. பனி ஊர்க்காரர்களுக்கு இந்த மாற்றத்தில் வருத்தம் உண்டு. அது நியாயமான வருத்தம் என்றே நினைக்கிறேன்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை கடைகளில் எல்லோரும் வரிசை கட்டுவது பூண்டு, சோயா சாற்றில் ஊறவைத்துப் பொரித்த பெரிய கோழித் துண்டுக்கு. உங்களுக்கு அது ஆகாது. பூசணியோ கீரையோ வைத்த ஓயாகி என்ற பணியாரம் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் மீன் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸோபா நூடுல்ஸின் குழம்பில் பெரும்பாலும் மீன் இருக்கும். கவலையே வேண்டாம், வீட்டிலிருந்து டப்பாவில் எடுத்துப் போகலாம். புளிசாதம் இந்தக் குளிருக்கு நன்றாகத் தாங்கும். கண்ணாடிப் பாட்டிலும் டின்னும் மட்டும் உள்ளே விட மாட்டார்கள். வாசலில் காகிதக் கோப்பையில் ஊற்றிக்கொள்ளச் சொல்வார்கள். குப்பையைப் பிரித்துப் போடும் இடத்தில் நிற்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கொஞ்சம் மொழி வந்ததும் அந்தக் குழுவில் சேர்வதைப் பற்றி யோசியுங்கள்.

மனைவியையும் மகளையும் தாராளமாக அழைத்துப் போகலாம். மைதானத்தில் கைக்குழந்தையோடு வருபவர்களே ஏராளம். மலைப்பறவை வடிவில் கான்ஸு குன் என்ற பொம்மை உலா வரும், சின்னவர்கள் அதை விட மாட்டார்கள். மேளச் சத்தம் முதல் நாள் மகளைப் பயமுறுத்தினால் இடைவேளையிலேயே கிளம்பிவிடுங்கள், அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி வாருங்கள். ஆனால் அவர்கள் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை அலுவலகம் போனதும், அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு நானும் வருகிறேன் என்று அந்த மூத்தவரிடம் சொல்லிவிடுங்கள். டிக்கெட்டை எப்படி எடுப்பது என்பதை அவரே காட்டிக்கொடுப்பார்.