மணி பவனைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

கேள்வி: ஏழாம் வகுப்பு மாணவர் அறுபது பேரை, மும்பையிலுள்ள காந்தி நினைவு அருங்காட்சியகமான மணி பவனுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். சென்ற ஆண்டு வேறோர் அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் வரிசையில் நடந்ததைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இம்முறை என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, தாராவி, மும்பை

பதில்: அது ஒரு வீடு என்பதிலிருந்தே தொடங்குங்கள். காம்தேவி, லாபர்னம் சாலையிலுள்ள அவ்வீடு காந்தியடிகளின் நண்பர் ரேவாசங்கர் ஜகஜீவன் ஜவேரிக்குச் சொந்தமாயிருந்தது. 1917 முதல் 1934 வரை, பம்பாய்க்கு வரும்போதெல்லாம் காந்தியடிகள் பெரும்பாலும் அங்கேயே தங்கினார். ஊரிலிருந்து வரும் உறவினரை ஒற்றை அறையில் தங்கவைத்துப் பழகிய உங்கள் பிள்ளைகளுக்கு, விருந்தினர் ஒருவருக்காக ஒரு குடும்பம் எதையெல்லாம் மாற்றிக்கொண்டிருக்கும் என்ற கேள்வி, எந்த ஆண்டுப் பட்டியலையும்விட எளிதில் பிடிபடும். 1932 சனவரி 4 அன்று, விடியுமுன் அவ்வீட்டில்தான் அவரைக் கைது செய்தார்கள். அந்த நேரத்தில் வீட்டார் என்ன செய்திருப்பார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

குடும்பம் வாழக் கட்டிய அறைகளில் அறுபது பேர் நுழைந்தால் எவரும் எதையும் காண முடியாது. பதினைந்து பேராகப் பிரியுங்கள். ஒரு குழு, இராட்டைகள் வைத்திருக்கும் அவரது அறையையும் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லும் பொம்மைக் காட்சிகளையும் நிதானமாகப் பார்க்கட்டும். மற்றவர்களை அருகிலுள்ள ஆகஸ்டு கிராந்தி மைதானத்துக்கு நடத்திச் செல்லலாம். 1942 ஆகஸ்டு 8 அன்று 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறிய இடம் அது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளை வரைந்தால் போதும். வினாத்தாள் வேண்டாம், அது பிள்ளைகளின் கண்ணைக் காகிதத்திலேயே நிறுத்திவிடும். வருகையை முன்கூட்டியே நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.