போருக்குப் பின் வட அமெரிக்கப் பூர்வகுடிகளான மோஹாக் மக்கள் ஐரோப்பியக் குடியேறிகளோடு எப்படிச் சமாதானம் பேசினார்கள்?

முதலில் துக்கம் தீர்க்க வேண்டும், பேரம் பிறகுதான். வந்தவரைக் காட்டோரத்தில் நிறுத்தி, கண்ணீரைத் துடைத்து, காதடைப்பை நீக்கி, தொண்டையைத் தெளியவைப்பார்கள் (எல்லாம் சொல்லால்தான்). முக்கியமான ஒவ்வொரு பேச்சோடும் வாம்பம் எனும் சிப்பிமணிச் சரமோ பட்டையோ கைமாறும். அது இல்லாவிட்டால் வெறும் வாய்ப்பேச்சு. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி, பதிலுக்கும் பரிசு தர வேண்டும்.

1645 ஜூலையில், இன்றைய கனடாவிலுள்ள த்ருவா-ரிவியேரில் மோஹாக் தூதர் கியோட்சேட்டன், இரு கம்பங்களுக்கிடையே கயிறு கட்டி, பிரெஞ்சு ஆளுநர் மோன்மக்னி முன் 17 பட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கினார். ஒன்றை, மோஹாக் மக்களிடம் கைதியாக இருந்த பிரெஞ்சுக்காரர் கியோம் குத்யூரின் கையில் கட்டி அவரை ஒப்படைத்தார். வேறு சில ஆற்றையும் பாதையையும் திறந்துவிட.

சமாதானம் நிலைக்கவில்லை. மறு ஆண்டு பிரெஞ்சுப் பாதிரியார் ஐசக் ஜோக் தங்களிடம் விட்டுச்சென்ற பெட்டிதான் நோயையும் பயிரழிவையும் கொண்டுவந்தது என்று மோஹாக் மக்களில் சிலர் சந்தேகித்தார்கள். அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார்.