பேத்திக்கு ரகசிய ஞானஸ்நானமா?

கேள்வி: புதுச்சேரியிலிருந்து வந்து, பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட ரியூனியன் தீவின் சேன்-தெனி நகரில் குடியேறிய கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. இங்கே அரசுப் பள்ளியில் படித்து வளர்ந்த என் மகன், தன் மகளுக்கு இரண்டு வயதாகியும் ஞானஸ்நானம் கொடுக்க மறுக்கிறான். “பெரியவளானதும் அவளே தேர்ந்தெடுக்கட்டும்” என்கிறான். டிசம்பரில் மட்டும் மரம், பரிசு, 24 ஜன்னல் வைத்த சாக்லேட் நாட்காட்டி என்று வீடு அமர்க்களப்படுகிறது. மதம் வேண்டாம் என்று சொல்லித்தரும் பிரெஞ்சுப் படிப்புதான் அவனைக் கெடுத்துவிட்டது. அவன் சிறுவனாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை கடைகள் மதியத்தோடு மூடிவிடும் என்பதால் பல வாரங்கள் பூசைக்குப் போக முடியவில்லை. ஆனாலும் அவன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு ஊர் மெச்ச விருந்து வைத்தோம். வரும் விடுமுறையில் பேத்தியைப் புதுச்சேரிக்கு அழைத்துச் செல்கிறேன். மகனுக்குத் தெரியாமல் அங்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. உயிருக்கு ஆபத்து என்றாலொழிய, பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்காமல் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாகாது என்பது திருச்சபைச் சட்டத்தின் 868-ஆம் விதி. விவரம் தெரிந்த எந்தப் பங்குச் சாமியாரும் இதற்கு உடன்படமாட்டார். பாட்டியின் உரிமை பெரியதுதான். பெற்றவனை ஏமாற்றும் அளவுக்குப் பெரியதன்று.

அது கிடக்கட்டும், சகோதரி. கடை மூடிவிடும் என்பதால் பூசைக்குப் போக முடியவில்லை என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே விருந்துக்குத் தாவிவிட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டவில்லை. கோயிலில் மணி அடிக்கும் நேரத்தில், சாமான் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளுவண்டியின் பின்னால் உங்களோடு நடந்த பையன், ஞாயிற்றுக்கிழமையில் எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதை வாரந்தோறும் கண்ணால் பார்த்தான். புதுநன்மை உடை போட்டுக்கொண்ட நாளையும் அவன் பார்த்தான். அதற்கடுத்த ஞாயிறு நீங்கள் எங்கே போனீர்கள் என்பதையும் பார்த்தான்.

படிப்பின் மேல் பழி போடாதீர்கள். பிரான்சில் 1905-இல் திருச்சபையையும் அரசையும் பிரித்த சட்டம் 1911-இல் இந்தத் தீவுக்கும் வந்தது. அதன்படி அரசு சாமியாருக்குச் சம்பளம் தருவதில்லை. அரசுப் பள்ளியும் வேதம் சொல்லித்தருவதில்லை, வேதத்தை விடு என்றும் சொல்வதில்லை. 2004-ஆம் ஆண்டுச் சட்டம்கூடப் பள்ளியில் கண்ணை உறுத்தும் மத அடையாளங்களைத்தான் தடுத்ததே தவிர, கழுத்திலிருக்கும் சிறு சிலுவையைத் தொடவில்லை. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களின் கொள்ளுப்பேரர்கள் உங்கள் அக்கம்பக்கத்திலேயே இருப்பார்கள். வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான் பேசுவார்கள். தைப்பூசத்துக்கு இங்கே அரசு விடுமுறையும் கிடையாது. இருந்தும் நோன்பிருந்து காவடி எடுக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அதே அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

“அவளே தேர்ந்தெடுக்கட்டும்” என்ற பேச்சை உங்கள் மகன் தத்துவ வகுப்பில் கற்றதாக எனக்குத் தோன்றவில்லை. விசுவாசமும் அலமாரியில் அடுக்கிய பொருள்களில் ஒன்று, பிடித்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்பது வாடிக்கையாளரின் பேச்சு. கிறிஸ்து பிறப்பை மரமும் பரிசுமாக வாங்கிவிடலாம் என்பதும் அதே பேச்சுதான். அவனும் தவறுதான் செய்கிறான், அதை மறைக்க மாட்டேன். மகளுக்குப் பெயரையும் மொழியையும் அவளைக் கேட்டா கொடுத்தான்? தான் நம்பாததைக் கொடுக்க முடியாது என்று அவன் நேராகச் சொன்னால் அதற்காவது மரியாதை உண்டு. இரண்டு வயதுக் குழந்தையின் விருப்பத்துக்குப் பின்னால் ஒரு தகப்பன் ஒளிந்துகொள்ளக் கூடாது. ஆனால் அதை அவனிடம் சொல்லும் தகுதியை நீங்கள் முதலில் சம்பாதிக்க வேண்டும்.

ஆகவே, அரிசியையும் காய்கறியையும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட்டு, ஞாயிறு காலை நீங்களும் உங்கள் கணவரும் பூசைக்குப் போங்கள். யாரையும் கூப்பிட வேண்டாம், போனதைச் சொல்லிக்காட்டவும் வேண்டாம். சில மாதங்கள் கழித்து மகனை உட்காரவைத்து, “உன் சிறுவயதில் கடைக்காகக் கோயிலை விட்டது எங்கள் குற்றம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். புதுச்சேரிக்குப் போகும்போது வில்லியனூர் மாதா கோயிலுக்குப் பேத்தியை அழைத்துப் போகலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். வேண்டாம் என்றால், குழந்தையை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.