தலையில் பலத்த அடி: மூளை அழுத்தம், ஆக்சிஜன் அளக்கும் கருவி இல்லாத ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கலாமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இவ்வளவு: மன்னார்குடி பக்கம் ராத்திரி பைக்கில் வந்த மச்சான், ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லைச் சுற்றி வைத்த கல்லில் மோதி விழுந்துவிட்டார். தலையில் பலத்த அடி, நினைவு இல்லை, வென்டிலேட்டரில் இருக்கிறார். சிடி ஸ்கேனில் மூளை வீக்கமும் சின்னச் சின்ன ரத்தக்கசிவும் தெரிகிறது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று நியூரோ சர்ஜன் சொல்லிவிட்டார். மூளைக்குள் அழுத்தத்தையும் ஆக்சிஜனையும் அளக்கும் கருவி அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. "சென்னைக்குத் தூக்கிக்கிட்டுப் போயிடுவோம்" என்று சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள். போகலாமா?

தஞ்சாவூர்ப் பக்கம் நியூரோ ஐசியூவில் பல வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். கருவி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், கருவியே இல்லாமல் தேறி வீட்டுக்கு நடந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன். என் பதில் இதுதான்: அந்தக் கருவிக்காக மட்டும் மாற்றாதீர்கள். நியூரோ சர்ஜன் கூப்பிட்டால் வருவாரா, ராத்திரியும் சிடி எடுக்க முடியுமா, வென்டிலேட்டரைச் சரியாகப் பார்க்க டாக்டர் இருக்கிறாரா, ஒரு நர்ஸ் எத்தனை பெட்டைப் பார்க்கிறார், இவற்றை முதலில் விசாரியுங்கள். முடிவு அவரைப் பார்க்கிற டாக்டருடையது. அவரிடம் என்ன கேட்பது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மண்டை ஓடு விரியாது. அதற்குள் மூளை சுமார் 80 சதவீதம், ரத்தம் 10, மூளைத் தண்டுவட நீர் 10. மூளை வீங்கினாலோ ரத்தம் கட்டினாலோ, முதலில் அந்த நீர் முதுகுத்தண்டுப் பக்கம் இறங்கி இடம் கொடுக்கும், சிரை ரத்தமும் கொஞ்சம் வெளியேறும். அதனால் ஆரம்பத்தில் அழுத்தம் பெரிதாக ஏறாது. இடம் தீர்ந்த பிறகு சில மில்லி கூடினாலே அழுத்தம் சட்டென்று எகிறிவிடும். "காலையில நல்லாத்தானே இருந்தாரு, மத்தியானத்துக்குள்ள எப்படி?" என்று குடும்பத்தார் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

படுத்திருக்கும் பெரியவர்களுக்கு மூளை அழுத்தம் சாதாரணமாக 7 முதல் 15 வரை இருக்கும், பாதரச மில்லிமீட்டர் கணக்கில். 22-ஐத் தாண்டி அப்படியே நின்றால் இறக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் பிரெயின் ட்ராமா ஃபவுண்டேஷன் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதற்கு முன் 20 என்று வைத்திருந்தார்கள்.

இந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும். டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: வாய்க்காலில் நீர்மட்டம் வயலைவிட உயர்ந்து நின்றால்தான் மடை வழியே தண்ணீர் பாயும். மூளைக்கு ரத்தம் பாய்வதும் அப்படித்தான். சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து மூளை அழுத்தத்தைக் கழித்தால் வருவதுதான் மூளைக்கு ரத்தத்தைத் தள்ளும் விசை. அது குறைந்தது 60-70 என்ற அளவிலாவது இருக்க வேண்டும் என்று பார்ப்போம். பிபி 120/80 என்றால் சராசரி சுமார் 93 (கீழ் பிபியோடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிய கணக்கு). மூளை அழுத்தம் 15 என்றால் மீதி 78, பயமில்லை. அதே ஆளுக்கு பிபி 90/60 ஆகி மூளை அழுத்தம் 30 ஆனால், 70-ல் 30 போக 40-தான் மிச்சம். மூளை பட்டினி கிடக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் தலையில் அடிபட்டவருக்கு பிபி இறங்குவதைக் கண்டால் நாங்கள் அப்படி ஓடுகிறோம். மேல் பிபி ஒரே ஒரு தடவை 90-க்குக் கீழே போனவர்களிடம்கூட இறப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று 1993-லேயே அமெரிக்கத் தரவுகள் காட்டின.

அழுத்தத்தை இரண்டு விதமாக அளப்பார்கள். ஒன்று, மண்டையில் சின்னத் துளை போட்டு மூளைக்குள் இருக்கும் நீர் அறையில் ஒரு குழாயை விடுவது. அழுத்தம் ஏறினால் அதே குழாய் வழியாக நீரை வடிக்கலாம் என்பது அதன் பெரிய வசதி. கிருமித் தொற்றும் ரத்தக்கசிவும் அதன் ஆபத்துகள். வீக்கத்தில் அந்த அறை நசுங்கிப் போயிருந்தால் குழாயை உள்ளே விடுவதும் கஷ்டம். இன்னொன்று, மூளைத் திசுவிலேயே வைக்கும் மெல்லிய கம்பி. வைப்பது சுலபம், ஆனால் அதில் நீரை வடிக்க முடியாது. குழாய் வைத்திருந்தால் அளவெடுக்கும் டிரான்ஸ்டியூசரைக் காது துவாரத்தின் மட்டத்துக்குச் சரியாக வைக்க வேண்டும். கட்டிலை ஏற்றி இறக்கிவிட்டு அதை மறுபடி சரிசெய்யாமல் விட்டால் திரையில் வருவது பொய்க் கணக்கு.

ஆக்சிஜன் அளப்பதற்கும் அதே போல ஒரு மெல்லிய கம்பிதான். பெரும்பாலும் நெற்றிப் பக்கத்து மூளையின் வெண்திசுவில் வைப்பார்கள். இதுவும் பாதரச மில்லிமீட்டர் கணக்குதான்: 20-க்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும், 15-க்குக் கீழே ஆபத்து. விரலில் மாட்டும் கிளிப் 99 சதவீதம் காட்டும்போதே மூளைக்குள் ஆக்சிஜன் 12 என்று இருக்கலாம். பிபி போதாமல் இருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், காய்ச்சல் அடிக்கலாம், வெளியே தெரியாத வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். வென்டிலேட்டர் மூச்சை வேகமாகத் தள்ளி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருந்தாலும், மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கி இப்படி ஆகும். கம்பி தன்னைச் சுற்றியிருக்கும் கொஞ்சம் இடத்தைத்தான் பார்க்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வலது பக்கம் நன்றாக இருந்து இடது பக்கம் தவித்தால் அதற்குத் தெரியாது.

சரி, கருவி வைத்தால் பிழைப்பார்களா? 2012-ல் வெளியான பெஸ்ட் ட்ரிப் ஆய்வைப் பொலிவியா, ஈக்வடார் நாட்டு ஐசியூக்களில் 324 பேரிடம் நடத்தினார்கள். பாதிப் பேருக்கு அழுத்தக் கம்பி. மீதிப் பேருக்குக் கம்பி இல்லை, நரம்புப் பரிசோதனையையும் அடுத்தடுத்த சிடி ஸ்கேனையும் பார்த்து முறைப்படி மருந்து. ஆறு மாதம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை "கம்பி வீண்" என்று படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பி இல்லாத கூட்டத்தையும் யாரும் கைவிடவில்லை, எழுதி வைத்த முறைப்படி மணிக்கு மணி பார்த்தார்கள். எங்கள் பக்கத்து ஐசியூக்களுக்கு அந்த ஆய்வு தரும் தைரியம் அதுதான். ஆக்சிஜன் கம்பியைப் பொறுத்தவரை, 2017-ல் அமெரிக்காவில் வந்த பூஸ்ட்-2 ஆய்வு, அதை வைத்து வைத்தியம் பார்த்தவர்களுக்கு மூளையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நேரம் குறைந்தது என்று காட்டியது. ஆனால் அதில் இருந்தவர்கள் 119 பேர்தான். 2023-ல் வந்த பிரெஞ்சு ஆய்வில் 318 பேர். அழுத்தக் கம்பியோடு ஆக்சிஜன் கம்பியும் வைத்ததால் ஆறு மாதத்தில் நிலைமை மேலாகவில்லை, இரண்டு கம்பியும் வைத்தவர்களிடம் மண்டைக்குள் ரத்தக்கசிவும் கூடுதலாக இருந்தது.

ஒரு பெரியம்மா தன் மகன் பெட் பக்கத்தில் நின்று மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிஸ்டர், அந்த நம்பர் 26 ஆயிடுச்சும்மா, மருந்து போடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். போய்ப் பார்த்தால் பையன் தலை இடது பக்கம் சாய்ந்து, வாய்க்குழாயைக் கட்டியிருந்த நாடா கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. கழுத்துச் சிரை அழுந்தினால் தலையிலிருந்து ரத்தம் இறங்காது, அழுத்தம் ஏறும். தலையை நேராக்கி, இரு பக்கமும் துணியைச் சுருட்டி வைத்து, நாடாவை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தினேன். அந்த அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே 26 என்பது 17-க்கு இறங்கியது. கருவி இருந்ததால் உடனே தெரிந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் தலையை நேராக வைப்பதற்கும், கட்டில் தலைமாட்டை 30 டிகிரி உயர்த்துவதற்கும், நாடாவைப் பார்ப்பதற்கும் கருவி தேவையில்லை. உங்கள் மச்சான் இருக்கும் இடத்திலும் அதைச் செய்யலாம்.

சளி உறிஞ்சும்போதும் அழுத்தம் ஏறும். அதனால் முன்கூட்டியே ஆக்சிஜனைக் கூட்டி, சில நொடிகளில் உறிஞ்சி எடுத்துவிடுவோம். இருமினால் ஏறும், ஊசி குத்தினால் ஏறும், சில நிமிடத்தில் இறங்கிவிடும். இறங்காமல் நின்றால்தான் அடுத்த படி: மயக்க மருந்தைக் கூட்டுவது, மூளை வீக்கத்திலிருந்து நீரை இழுக்கும் மன்னிட்டால் அல்லது 3 சதவீத உப்பு நீர். மன்னிட்டால் போட்டால் சிறுநீர் நிறையப் போகும், பிபி இறங்கலாம், அதனால் யூரின் பையையும் பிபியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எதற்கும் கேட்காவிட்டால் மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்து வைக்கும் ஆபரேஷன். அது நிறையப் பேரின் உயிரைக் காப்பாற்றும். பிழைத்தவர்களில் நினைவே திரும்பாமல் படுக்கையில் கிடப்பவர்களும் கூடுவார்கள் என்பதை 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. டாக்டர் அந்த ஆபரேஷனைப் பற்றிப் பேசினால் இந்தக் கேள்வியை நேராகவே கேளுங்கள், தப்பில்லை. "வீக்கத்துக்கு ஸ்டீராய்டு போடலையா?" என்று மட்டும் வற்புறுத்தாதீர்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய கிராஷ் ஆய்வில், தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு போட்டவர்களிடம் இறப்பு அதிகம் என்று 2004-லேயே தெரிந்துவிட்டது.

டாக்டரைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை. நினைவு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஜிசிஎஸ் இன்று எவ்வளவு, நேற்று எவ்வளவு? 3-லிருந்து 15 வரை போகும் கணக்கு அது, 8-ம் அதற்குக் கீழும் கடுமையான காயம். மயக்க மருந்து ஓடும்போது அது குறைவாகத்தான் இருக்கும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். கண் பாப்பா இரண்டும் ஒரே அளவா, டார்ச் அடித்தால் சுருங்குகிறதா, எத்தனை மணிக்கு ஒரு தடவை பார்க்கிறார்கள்? ஒரு பக்கம் விரிந்து சுருங்காமல் நின்றால் அது அவசரம், நிமிடக் கணக்கு. அடுத்த சிடி எப்போது? பிபி, காய்ச்சல், சோடியம் எப்படி இருக்கிறது? இதற்கெல்லாம் சார்ட்டைத் திறந்து பதில் சொல்கிற ஐசியூ என்றால் அங்கேயே இருக்கட்டும். கண் நரம்பைச் சுற்றிய உறையின் அகலத்தை அல்ட்ராசவுண்டில் அளந்து அழுத்தத்தை ஊகிக்கிற வழியும் உண்டு. அந்த மெஷின் இருந்தால் டாக்டரே செய்வார்.

மாற்றியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. ரத்தக்கட்டி பெரிதாகி ஆபரேஷன் தேவைப்பட்டு அங்கே சர்ஜன் இல்லை என்றால், ராத்திரி சிடி எடுக்க வழியில்லை என்றால், தாமதிக்காதீர்கள். அப்போதும் முதலில் தஞ்சாவூர், திருச்சியைக் கேளுங்கள். சென்னைக்குப் போகும் அத்தனை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் குலுங்கி, ஆக்சிஜன் குறைந்து, பிபி ஒரு தடவை இறங்கினாலே போதும், கம்பி வைப்பதால் கிடைக்கும் லாபம் எல்லாம் ரோட்டிலேயே போய்விடும். செலவைப் பற்றி: விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் உண்டு. அரசு ஆஸ்பத்திரியிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் குறிப்பிட்ட வரம்புவரை பணம் கட்ட வேண்டாம். உங்களுக்கு அந்த நேரம் தாண்டியிருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுன்டரில் இன்றே கேளுங்கள்.

மாற்றுவது என்று டாக்டர் முடிவெடுத்தால், வென்டிலேட்டரோடு ஆள் துணைக்கு வரும் ஆம்புலன்ஸா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். போகிற இடத்தில் பெட் இருக்கிறது என்று இங்கிருக்கும் டாக்டரே அங்கிருக்கும் டாக்டரிடம் போனில் பேசிய பிறகு கிளம்புங்கள். ஸ்கேன் ஃபிலிம் அல்லது அதைப் பதிவு செய்த டிஸ்க்கும், கடைசி மன்னிட்டாலும் வலிப்பு மருந்தும் போட்ட நேரம், கிளம்பும்போது இருந்த ஜிசிஎஸ், கண் பாப்பா அளவு, இவை எழுதிய தாளும் உங்கள் கையில் இருக்கட்டும்.