இரண்டு ஸ்கேனில் இரண்டு விதப் புள்ளிகள் வருவது ஏன்?

கேள்வி: இறுதியாண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். பித்தளைப் பொருட்களைக் கணினி அடையாளம் காண்பதுதான் என் ப்ராஜெக்ட். வீட்டுக் குத்துவிளக்கை இரண்டு முறை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, ஓப்பன் த்ரீடி என்ற முப்பரிமாண நிரலில் ஐ.எஸ்.எஸ். (இன்ட்ரின்சிக் ஷேப் சிக்னேச்சர்ஸ்) முறைப்படி தனித்துத் தெரியும் புள்ளிகளைத் தேடினேன். இரண்டிலும் வேறு வேறு இடங்களைக் காட்டுகிறது. ப்ராஜெக்ட் சென்டரில், "டீப் லேர்னிங்குக்கு மாறு, கூடுதலாகப் பணம் கட்டு" என்கிறார்கள். மாறலாமா?

பதில்: பணத்தைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் சிக்கல் பெரும்பாலும் ஐ.எஸ்.எஸ். தேடும் சுற்றளவின் ஆரத்தில்தான் இருக்கிறது.

2009-இல் வந்த இந்த முறை ஸ்கேனில் பதிவான ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு கற்பனை உருண்டையை வைத்து, உள்ளே விழும் மற்ற புள்ளிகள் மூன்று திசைகளில் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று பார்க்கிறது. சமதளத்தில் மூன்றாவது திசையில் பரவலே இருக்காது, அதை ஒதுக்கிவிடும். மூக்கு நுனி போன்ற இடத்தில் மூன்று திசையிலும் பரவல் இருக்கும், அளவும் வேறுபடும், அதை எடுத்துக்கொள்ளும். உருண்டையின் ஆரத்தை நீங்கள் சொல்லாவிட்டால், புள்ளிகளின் சராசரி இடைவெளியைப்போல் 6 மடங்கை நிரலே வைத்துக்கொள்ளும். முதல் ஸ்கேனில் இடைவெளி 1 மி.மீ. என்றால் ஆரம் 6 மி.மீ.; நெருக்கமாக எடுத்த இன்னொன்றில் 0.5 என்றால் 3 மி.மீ. ஒன்றில் வளையம் கண்ணில் படும், மற்றதில் வார்ப்புப் புடைப்பும் கீறலும். புள்ளிகளைக் குறைத்து இரண்டு ஸ்கேனையும் ஒரே இடைவெளிக்குக் கொண்டுவந்து, ஆரத்தை மில்லிமீட்டரில் நீங்களே கொடுங்கள்.

பளபளப்பான பித்தளை ஸ்கேனரை ஏமாற்றும். வெல்டிங் விரிசல் பார்க்க அடிக்கும் வெள்ளை டெவலப்பர் ஸ்ப்ரேயை லேசாக அடித்துவிட்டு எடுங்கள்.

அப்புறம் அந்த சென்டர்காரர்கள். அவர்கள் மாதிரியாகப் பெருமையோடு ஓட்டிக் காட்டும் முயல் பொம்மை 1994-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்கேன் செய்தது. யாரும் இலவசமாக எடுக்கலாம். நிரலும் இலவசம். காது நுனியில் புள்ளி விழுவதைக் காட்டி ஆயிரக்கணக்கில் வாங்கிவிடுவார்கள். உங்கள் விளக்கை வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், முகம் மாறும். வைவாவில் மட்டும் என்ன வாழ்கிறது? "அக்யூரசி எத்தனை சதவீதம்?" என்பார்களே தவிர, அதே பொருளை மறுபடி ஸ்கேன் செய்தால் அதே புள்ளி வருமா என்று கேட்பவரை நான் பார்த்ததே அரிது.

ஒன்று மட்டும் எந்த ஆரத்துக்கும் அடங்காது. குத்துவிளக்கின் தண்டு கடைந்தெடுத்த உருளை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே உருவம்தான். அதன் வளையத்தில் புள்ளி விழுந்தாலும், வளையத்தில் எந்த இடம் என்று சொல்ல முடியாது. அடுத்த முறை வழுக்கி வேறெங்காவது நிற்கும். அது நிரலின் பிழை அல்ல, அங்கே தனித்துவம் என்று ஒன்றும் இல்லை. ஐந்து முகங்களோ ஒன்றுபோலவே ஐந்து. முதல் முகத்தை மூன்றாவதோடு பொருத்தினாலும் கணினிக்குச் சரியாகவே படும். எப்படிச் சுழற்றினாலும் ஒன்றுபோல் தெரியும் இந்தக் குழப்பத்தை உடைப்பது உச்சியில் உள்ள அன்னம் மட்டுமே. அலகு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். கழற்றி வைத்துவிட்டு ஸ்கேன் எடுத்திருந்தால், மாட்டிவிட்டு மறுபடி எடுங்கள்.