169 கோல்கள் மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

1990களில் டெட்ராய்ட் ஐஸ் ஹாக்கி அணியில் ஒன்றாக ஆடிய ஐந்து ரஷ்யர்களை, அந்த 'ரஷ்ய ஐவர்' பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஐவரில் முதன்மையானவர் இகோர் லாரியோனோவ் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் இருபது வருடமாக டொராண்டோவில் இருக்கிறேன். இங்கே ஐஸ் ஹாக்கி தெரியாமல் இருக்க முடியாது, மகனும் விளையாடுகிறான். அதனால் அவருடைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லில் 921 ஆட்டங்கள், 169 கோல்கள். அதே ஐவரில் இருந்த ஃபெடரோவ் 483 கோல் அடித்தவர். இன்னொரு ரஷ்யரான ஓவெச்கின் 2025 ஏப்ரலில் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையையே தாண்டிவிட்டார். ஐந்தாறு ஆட்டத்துக்கு ஒரு கோல் அடித்த ஃபார்வர்ட் (முன்கள வீரர்) எப்படி முதன்மையானவர் ஆவார்? பழைய சோவியத் அணி மேல் உள்ள பிரியமா? அறியும் ஆசையில்தான் கேட்கிறேன்.

எஸ்., டொராண்டோ

அன்புள்ள எஸ்,

நியாயமான கேள்வி. ஒரு வரியில் முடித்தது என் தவறுதான்.

உங்களுக்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான ஒருவர் இருக்கிறார்: அன்றைய டெட்ராய்ட் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன். 1992-93 பருவத்தில் சான் ஹோசே ஷார்க்ஸ் 84 ஆட்டங்களில் 11 மட்டுமே வென்ற அணி. அடுத்த பருவம் லாரியோனோவும் அவருடைய பழைய கூட்டாளி மகாரோவும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அந்த அணி பிளே ஆஃப் என்ற நாக் அவுட் கட்டத்துக்குள் நுழைந்தது. முதல் சுற்றிலேயே, தங்கள் பிரிவில் முதலிடத்தில் இருந்த டெட்ராய்டை ஏழாவது ஆட்டம்வரை இழுத்து, டெட்ராய்டின் சொந்த அரங்கத்திலேயே 3-2 என்று வீட்டுக்கு அனுப்பியது. போமன் அதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர். 1995 அக்டோபரில் அவர் செய்தது இதுதான்: 1993-94-இல் 52 கோல் அடித்திருந்த ரே ஷெப்பர்டைக் கொடுத்துவிட்டு, 35 வயதைத் தொடவிருந்த லாரியோனோவை வாங்கினார்.

52 கோல் அடித்த ஆளைக் கொடுத்து, கோல் அதிகம் அடிக்காத ஆளை வாங்குவது! ஆனால் அந்தப் பருவம் டெட்ராய்ட் 62 ஆட்டங்களை வென்றது. அதுவரை யாரும் அத்தனை வென்றதில்லை. முந்தைய சாதனை 60, அதுவும் போமனின் மாண்ட்ரியல் அணி வைத்திருந்ததுதான்.

சரி, லாரியோனோவ் அப்படி என்னதான் செய்தார்? வட அமெரிக்காவில் அன்றைய வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக்கோட்டை நெருங்கியதும் பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டை, மூலைக்கு அடித்துவிட்டு, எல்லோரும் பாய்ந்துபோய் முட்டிமோதி எடுப்பார்கள். லாரியோனோவுக்கு அது பிடிக்காது. வழி அடைத்திருந்தால் பக்கோடு திரும்பித் தன் பக்கத்துக்கே வந்துவிடுவார். கையில் இருப்பதை எதற்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு மறுபடி சண்டைபோட்டு வாங்க வேண்டும் என்பது அவர் வளர்ந்த பள்ளியின் கணக்கு. வழி திறந்திருந்தால் கோட்டைத் தாண்டுவார், தாண்டியதும் சட்டென்று வேகத்தைக் குறைப்பார். பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டிருக்கும் தற்காப்பு வீரருக்குக் குழப்பம் வந்துவிடும். நெருங்கி வருவதா, விலகி நிற்பதா? அவர் முடிவெடுக்கும் அந்த ஒரு வினாடிக்காகத்தான் லாரியோனோவ் காத்திருப்பார். பிறகு பக்கை எதிராளியின் ஸ்டிக்குக்கு மேலாக ஒரு சாண் உயரம் தூக்கி, அந்தப் பக்கம் தட்டையாக இறக்குவார். பின்னால் முழு வேகத்தில் வரும் ஃபெடரோவோ, ஐவரில் இன்னொருவரான கோஸ்லோவோ குனியவோ நிதானிக்கவோ வேண்டியதில்லை. அது துள்ளாமல், உருளாமல் ஸ்டிக்கில் வந்து படுத்திருக்கும்.

169 கோலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருந்திருக்குமே, 475 அசிஸ்ட்கள், அதாவது மற்றவர்கள் கோல் அடிக்க வழிசெய்த பாஸ்கள்? ஒரு கோலுக்கு ஏறக்குறைய மூன்று. அதோடு, இந்தக் கணக்கே அவருடைய 28 வயதுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவருடைய உடல் உச்சத்தில் இருந்த எட்டு ஆண்டுகள் இதில் இல்லை.

அந்த எட்டு ஆண்டுகள் மாஸ்கோவில் கழிந்தன. அவர் பிறந்தது 1960-இல், மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள வஸ்க்ரெசென்ஸ்க் என்ற ரசாயன ஆலை ஊரில். ஊர் அணியின் பெயரே 'கிமிக்', அதாவது வேதியியல்காரர். அங்கிருந்து 1981-இல் ராணுவ அணியான சி.எஸ்.கே.ஏ. அவரை எடுத்துக்கொண்டது. இடத்தில் க்ருதோவ், வலத்தில் மகாரோவ், நடுவில் சென்டராக லாரியோனோவ், பின்னால் தற்காப்பில் ஃபெடிசோவும் கஸதோனோவும். 1984-இலும் 1988-இலும் ஒலிம்பிக் தங்கம், நான்கு உலக சாம்பியன்ஷிப் பட்டங்கள். மூன்று ஃபார்வர்டுகளில் மிகக் குறைவாகக் கோல் அடித்தவர் நடுவில் இருந்தவர்தான். ஆனால் பக் பெரும்பாலும் அவர் வழியாகத்தான் போனது.

அந்த வெற்றிகளுக்குப் பின்னால் ஒரு பூட்டிய வாசல் இருந்தது. பயிற்சியாளர் விக்தர் திகனோவ் வீரர்களை மாஸ்கோவுக்கு வெளியே அர்கங்கெல்ஸ்கோயே முகாமில், ஆண்டில் பத்துப் பதினோரு மாதம் அடைத்துவைத்திருந்தார். கல்யாணமானவர்களும் அங்கேதான். மனைவி, குழந்தைகளைப் பார்க்க அனுமதி வாங்க வேண்டும். வீரர்கள் பதவியில் ராணுவ அதிகாரிகள் என்பதால், பயிற்சியாளரை எதிர்ப்பது மேலதிகாரியை எதிர்ப்பதாகும்.

1988 அக்டோபரில் லாரியோனோவ் 'அகன்யோக்' வார இதழில் திகனோவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்த முகாம் வாழ்க்கையை, குடும்பம் என்பதே இல்லாமல் போனதை, ஒரு மனிதரின் சொல்லுக்கு மேல் பேச்சில்லை என்ற நிலையை நாடே படிக்கும்படி எழுதினார். கோர்பச்சோவின் காலம், கொஞ்சம் காற்று வர ஆரம்பித்திருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் காற்று நிலைக்குமா என்று அன்று யாராலும் சொல்ல முடியாது. லாரியோனோவின் தாத்தா ஸ்டாலின் காலத்துச் சிறைமுகாமில் பல ஆண்டுகள் கிடந்தவர். வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பது வீட்டிலேயே தெரிந்த மனிதர் எழுதிய கடிதம் அது. அப்போது அவர் ஒலிம்பிக் சாம்பியன், அந்த ஆண்டின் சிறந்த சோவியத் வீரர். இழப்பதற்கு எல்லாமே இருந்தது.

எஸ், நான் அவரை முதன்மையானவர் என்று எழுதியபோது மனதில் இருந்தது இந்தக் கடிதமும்தான். ஆடுகளத்தில் பக்கைத் தந்ததைப்போலத்தான் இதையும் செய்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. சரியான தருணம் வரும்வரை காத்திருந்து, எதிரில் நிற்பவரைத் தன் பக்கம் இழுத்து, மற்றவர்கள் பாய வழி திறந்தார். சில மாதங்களில் ஃபெடிசோவும் திகனோவுக்கு எதிராகப் பகிரங்கமாகப் பேசினார். 1989-இல் கதவு திறந்தது. ஃபெடிசோவ் நியூ ஜெர்சிக்கும் மகாரோவ் கால்கரிக்கும் போனார்கள், லாரியோனோவும் க்ருதோவும் வான்கூவருக்கு.

வான்கூவரில் 1991-92-இல் பாவெல் புரே என்ற இளைஞன் வந்து சேர்ந்தபோது அவனுக்கு சென்டராக ஆடியவர் லாரியோனோவ். புரே அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகம் ஆனான். லாரியோனோவுக்காக வான்கூவர் சோவியத் விளையாட்டு நிறுவனத்துக்குத் தனியாகப் பணம் கட்டிக்கொண்டிருந்தது. அது தொடரக் கூடாது என்பதற்காகவே அடுத்த பருவம் என்.ஹெச்.எல்.லையே விட்டுவிட்டு சுவிட்சர்லாந்தின் லுகானோவுக்குப் போனார். அப்புறம்தான் நான் முதலில் சொன்ன சான் ஹோசே.

1997 ஜூனில் டெட்ராய்ட் 42 ஆண்டுகளுக்குப் பிறகு என்.ஹெச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது. கேப்டன் ஸ்டீவ் ஐசர்மன் கோப்பையை முதலில், ஐவரில் ஒருவராக டெட்ராய்டுக்கு வந்திருந்த ஃபெடிசோவிடம் கொடுத்தார். ஃபெடிசோவ் தனியாகச் சுற்றவில்லை. லாரியோனோவையும் அழைத்தார், இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அரங்கைச் சுற்றினார்கள். அர்கங்கெல்ஸ்கோயேயில் ஒன்றாக அடைபட்டிருந்தவர்கள் அவர்கள். ஆறே நாளில் கார் விபத்து. ஐவரில் இன்னொருவரான கான்ஸ்தான்தினோவ் மறுபடி ஆடவே முடியாதபடி தலையில் அடிபட்டார். அணியின் மசாஜ் நிபுணர் ம்னாட்ஸகானோவுக்கும் பலத்த காயம். மறு ஆண்டும் கோப்பையை வென்றபோது, சக்கர நாற்காலியில் ஐஸ் மேல் வந்த கான்ஸ்தான்தினோவின் மடியில்தான் ஐசர்மன் கோப்பையை வைத்தார். எனக்கு அந்தப் படத்தை இன்றும் நிதானமாகப் பார்க்க முடிவதில்லை.

கோல் கணக்கில்தான் உங்கள் கேள்வி தொடங்கியது. அதனால் ஒரு கோலைச் சொல்லி முடிக்கிறேன். 2002 ஜூன் 8, கரோலினாவுக்கு எதிரான இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டம். 2-2. மூன்றாவது ஓவர்டைம் (கூடுதல் நேரம்), நள்ளிரவு தாண்டிவிட்டது. களத்தில் எல்லோருக்கும் கால் ஓய்ந்துவிட்ட நேரம். 41 வயது லாரியோனோவிடம் கோலுக்கு எதிரே பக் வருகிறது. வேறு யாராக இருந்தாலும் வந்த வேகத்தில் அடித்திருப்பார்கள், கரோலினா வீரர் ஒருவர் அதைத் தடுக்கத்தான் படுத்துச் சறுக்கி வந்தார். லாரியோனோவ் அடிக்கவில்லை. அந்த வீரர் சறுக்கிக் கடந்துபோகட்டும் என்று பக்கைத் தன் ஸ்டிக்கிலேயே வைத்திருந்தார். பிறகு கோல்கீப்பருக்கு மேலாக அதைத் தூக்கி வலைக்குள் வைத்தார். அந்த கோல்கீப்பர் அர்தூர்ஸ் இர்பே. 1994-இல் சான் ஹோசே டெட்ராய்டை வீழ்த்தியபோது லாரியோனோவின் அணியில் கோல் காத்தவர் அவரேதான். இறுதிச் சுற்றில் கோல் அடித்த மிக வயதான வீரர் என்ற பெயர் அன்று லாரியோனோவுக்கு வந்தது.

மகனோடு உட்கார்ந்து அந்தக் காணொளியைப் பாருங்கள். அவன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.