கயத்தாறிலிருந்து அடிலெய்டு கன்ட்ரோல் ரூமுக்கு

தம்பி, கயத்தாறு சப்ஸ்டேஷன் பழக்கத்தோட அடிலெய்டுக்கு வந்திருக்கீங்க. ஃபால்ட் விழுந்தா இங்க யாருக்குப் போன் அடிக்கணும், முதல்ல என்னத்தப் படிக்கணும்னு கேட்டிருக்கீங்க. முதல் ஒரு நொடியில போனுக்கு வேலையே இல்ல, எல்லாத்தையும் மெஷினே பாத்துக்கிடும். அது சரியாப் பாக்குதான்னு முன்கூட்டியே சோதிச்சு வைக்கதுதான் உங்க வேலை.

இந்தத் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துல 2016 செப்டம்பர் 28 நடந்த இருட்டடிப்பு அறிக்கையிலேர்ந்து ஆரம்பிங்க. புயல்ல 275 கே.வி. டவர்கள் சாஞ்சு, ரெண்டு நிமிஷத்துல வோல்டேஜ் ஆறு தடவை விழுந்து எந்திரிச்சுது. இத்தனை தடவைக்கு மேல தாங்காதேன்னு மின்சாரம் எடுக்குற காத்தாடிகளுக்குள்ள ஒரு செட்டிங். அதனால ஒன்பது காத்தாடிப் பண்ணைகள் சேந்து ஏழு நொடிக்குள்ள 456 மெகாவாட்டக் கொறச்சிட்டு. அந்தப் பாரம் விக்டோரியாவிலேர்ந்து வர்ற ஹேவுட் லைன்ல ஏறி, ரெண்டு பக்கமும் ஒரே தாளத்துல ஓடுற ஒத்திசைவு போய், லைன் கழண்டுட்டு. அதிர்வெண் விழுந்த வேகத்துக்கு லோடு கழட்டுற ரிலேக்களால ஈடுகொடுக்க முடியல. மாநிலமே இருட்டு. எந்தப் பண்ணைக்குப் போனாலும், எத்தனை தடவை தாங்கும்ங்கிற அந்த எண்ணிக்கைய எழுத்துல கேட்டு வாங்குங்க.

அதுக்கப்புறம் மூணு படி வச்சாங்க. ஹேவுட்ல ஆபத்து தெரிஞ்சா பேட்டரி சக்தியத் தள்ளும். போதலைன்னா குறிச்சு வச்ச இடத்துல லோடக் கழட்டும். அதுக்கும் அடங்கலைன்னா லைனப் பிரிச்சிரும். பின்னால இது பி.எம்.யூ.ங்கிற அளவுக் கருவிகள பல இடத்துல வச்சு, அதுக அளவுகள வச்சு இயங்குற பரந்த பகுதி ஏற்பாடா வளந்துது.

பி.எம்.யூ. வழக்கமா நொடிக்கு 50 தடவை வோல்டேஜ் கோணத்த, அதாவது அலை அந்த நேரத்துல எந்த இடத்துல நிக்குங்கிறத, ஜி.பி.எஸ். நேரத்தோட அனுப்பும். இதுல பயப்பட வேண்டியது தாமதத்துக்குத்தான். ரெண்டு பகுதிக்கு நடுவுல 0.5 ஹெர்ட்ஸ் ஊசலாட்டம், அத அடக்க ஒரு கன்ட்ரோலர் இந்த சிக்னலப் பாத்து வேலை செய்யுதுன்னு வச்சுக்கிடுங்க. சிக்னல் 200 மில்லி நொடி பிந்தினா 36 டிகிரி பின்தங்கும், அதை ஈடுகட்டிரலாம். ஈடுகட்டாம 500 ஆனா 90 டிகிரி, அடக்கும் பலம் பூஜ்யம். அதையும் தாண்டினா கன்ட்ரோலரே ஊசலாட்டத்த வளத்து விடும். அதனால சராசரித் தாமதத்த நம்பாதீங்க, ஆக மோசமானதக் கேளுங்க. எல்லை தாண்டினா தூரத்து சிக்னல விட்டுட்டு, ஜெனரேட்டர்லயே இருந்து ஊசலாட்டத்த அடக்குற பி.எஸ்.எஸ். கருவி மட்டும் பாத்துக்கிடுற மாதிரி பூட்டு இருக்கான்னு சோதிங்க.

ஜி.பி.எஸ். ஆன்டெனா கெட்டு நேரம் 1 மில்லி நொடி நகந்தாலே கோணம் 18 டிகிரி தப்பும். கோணம் மட்டும் மாறி மெகாவாட் அசையலைன்னா, முதல்ல கடிகாரத்தச் சந்தேகப்படுங்க.

இங்க நேரமே மூணு உண்டு. பி.எம்.யூ.வுக்கு யு.டி.சி.ங்கிற உலகப் பொது நேரம். மின்சார மார்க்கெட்டுக்கு வருஷம் பூரா கிழக்கு ஆஸ்திரேலிய நேரம். சுவர்க் கடிகாரம் அதுக்குக் குளிர்காலத்துல அரை மணி பின்னால, கோடையில அரை மணி முன்னால. அந்த அறிக்கையில 16:18னு இருக்கது, அடிலெய்டு கடிகாரத்துல 15:48.

போன்ல உத்தரவு வந்தா சப்ஸ்டேஷன் பேரு, பிரேக்கர் நம்பர் எல்லாத்தையும் அப்படியே திருப்பிச் சொல்லுங்க. "சரிண்ணே"ன்னு மட்டும் சொல்லி வைக்காதீங்க. எதிராளி "சரி"ன்னு உறுதி சொன்ன பெறகுதான் சுவிட்சுல கை வைக்கணும்.